ஒரு சொல்லுக்கு ஒரு தலை

“முடி எப்படி இருந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க” என்றாள் நிலோஃபர்.

கோகிலவாணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாலக்கரையில் மெஸ் நடத்துகிறவர். எதிர்ச்சாரியில் இருந்த அடகுக்கடை வாசலில், பட்டப்பகலில், காவலாளியை ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு ஓடியதைப் பார்த்தவர். காவலாளி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார்.

“என்னம்மா சொல்றது. பாத்தாலே தெரியும்ல, எந்தத் தெருப் பசங்கன்னு. அந்த மாதிரி.”

“அந்த மாதிரின்னா?”

“உங்களுக்குத் தெரியாததா?”

நிலோஃபர் மைக்கைத் திறக்காமல் காத்திருந்தாள். மாவட்ட அடையாள நிலையத்தின் இந்தச் சிறிய அறையில் அவளுக்குப் பிடித்த நேரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ‘எந்தத் தெருப் பசங்க’ என்பதற்கு ஸெக்காரி மொழியில் சொல் கிடையாது. ‘நம்ம கலர் இல்ல’ என்பதற்கும் ‘திருட்டு முழி’ என்பதற்கும் கிடையாது. சாட்சி தமிழில் எதைச் சொன்னாலும் அது இந்த நான்கு சுவர்களுக்குள் செத்துப்போகும். உரைப்பாளரான அவள் ஸெக்காரியில் மைக்கில் சொல்வது மட்டுமே இயந்திரத்துக்குக் கேட்கும்.

“சுருட்டையா, நேரா?”

“சுருட்டை. சும்மா சுருட்டை இல்ல, கெட்டிச் சுருட்டை. எண்ணெய் வச்சாலும் படியாது பாருங்க, அது. நெத்தி ரெண்டு ஓரமும் உள்ள ஏறியிருந்துச்சு. பின்னாடி கழுத்து வரைக்கும் இறங்கியிருந்துச்சு.”

மைக் பொத்தானின் மேல் இருந்த நிலோஃபரின் விரல் அப்படியே நின்றது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெத்தி ஏறியிருந்துச்சா, இல்ல முடியைப் பின்னால தள்ளி வாரியிருந்தானா?”

“ஏறித்தான் இருந்துச்சு.”

“கழுத்துல முடி இருந்தது நிச்சயமா?”

“இருந்துச்சுங்கறேன்ல. நான் நாலு பேருக்குச் சோறு போடறவ. யார் தலையில இருந்து முடி விழும்னு பாத்துப் பாத்தே பழகின கண்ணு இது.”

சுவரோரம் சாய்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தணிகைவேல் கொட்டாவி விட்டார். “சொல்லைச் சொல்லுங்க மேடம். எனக்கு சாயங்காலம் பந்தோபஸ்து இருக்கு.”

நிலோஃபர் பொத்தானை அழுத்தி “லும்” என்றாள். வெறுமனே முடி என்று பொருள். திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. விவரம் போதாது.

“என்னாச்சு, மெஷின் சாப்பிடலையா?” என்றார் தணிகைவேல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து அந்த இன்னொரு சொல்லைச் சொன்னாள்.

“ஹர்கோத்.”

ஆறு முகங்கள் வந்தன. ஆறு காட்ட வேண்டும் என்பது சட்டம். முதல் முகம் அவளுடைய பழைய நண்பன் ஜெபஸ்டினுடையது. மற்ற ஐந்தும் பக்கத்துச் சொற்களிலிருந்து இடத்தை நிரப்ப வந்தவை. ஒருவனுக்கு அலைஅலையான முடி, ஒருவனுக்கு முன்வழுக்கை, இன்னொருவனுக்கு நெற்றியை மறைக்கும் நேர்முடி.

“இவன்தான்” என்றார் கோகிலவாணி.

“மத்தவங்களையும் பாருங்க.”

“பாத்தாச்சு. இவனுக்கு மட்டும்தானே அந்த முடி இருக்கு?”

பச்சை விளக்கு எரிந்தது. தணிகைவேல் நிமிர்ந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். கோகிலவாணி கைரேகை வைத்துவிட்டு நிலோஃபரைப் பார்த்தார்.

“அது என்ன பாஷைம்மா? தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி?”

“டிவி பாஷைம்மா” என்று தணிகைவேல் முந்திக்கொண்டார். “வேற ஏதோ கிரகத்துல சண்டை போட்டுக்கிட்டே இருப்பானுங்களே, அவனுங்க பேசறது. தமிழ்ல அடையாளம் சொன்னா கூடவே சாதியும் வந்து உக்காந்துக்குதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. தெலுங்கு, இங்கிலீஷ் எல்லாத்துக்கும் அதே கதிதான். யாருக்குமே தாய்மொழியா இல்லாத பாஷை வேணும்னு தேடினாங்க. இதுதான் ஆம்புட்டுச்சு.”

“ஏன், அவங்களுக்குச் சாதி இல்லியா?”

“யாருக்கு?”

“அந்தக் கிரகத்துக்காரங்களுக்கு.”

தணிகைவேல் சிரித்தார். “இருந்திருக்கும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

நிலோஃபர் அந்த மொழியைக் கற்றுக்கொண்டது கல்லூரியில் படித்த காலத்தில். தொடரில் வந்த ஸெக்கார்கள் எல்லோருக்கும் ஒரே தலை. இடுப்புவரை தொங்கும் சடை. அதனால் தொடரை எழுதியவர்கள் முடிக்கு ஒரே ஒரு சொல்லை உண்டாக்கி விட்டுவிட்டார்கள். திருச்சி ரசிகர்களுக்கு அது போதவில்லை. கிரகங்களைக் கடந்து வந்த ஒரு மொழியில் தங்களுடைய மூக்கையும் நெற்றியையும் பின்னலையும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லைநகரில் பத்ரியின் வீட்டு மொட்டைமாடியில் கூடினார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு தலை. ஒருவர் நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவரைச் சுற்றி நடந்து, பார்த்து, அந்தத் தலையைக் கண்டதும் தோன்றுகிற ஒலியைச் சொல்வார்கள். எல்லோருக்கும் பிடித்த ஒலி சொல்லாகிவிடும். அதன்பிறகு அந்தச் சொல் அவருக்கே உரியது. வேறு யாரும் அதற்காக ஸ்டூலில் உட்காரக் கூடாது. ஒரு ஸெக்கார் வீரனின் வாளை இன்னொருவன் தொடமாட்டான், அதைப் போலத்தான் இதுவும் என்று பத்ரி சொன்னான். நடுவில் சேர்ந்த புருவங்களுக்கான சொல் நிலோஃபருடையது. அவள் அதைப் பல நாள் யாருக்கும் சொல்லாமல் வாய்க்குள் வைத்திருந்தாள், மிட்டாயைப் போல.

ஜெபஸ்டினைப் பள்ளிக்கூடத்தில் கம்பி நார் என்று கூப்பிடுவார்கள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்த அன்று பத்ரி ஒருமுறை சுற்றி வந்து, தொண்டையைச் செருமி, “ஹர்கோத்” என்றான். வேறு யாரும் வேறு ஒலி சொல்லவில்லை. எண்ணெய்க்கும் சீப்புக்கும் பணியாத முடி, போருக்குப் போகத் தலைக்கவசம் வேண்டாத முடி என்று பொருள் எழுதினார்கள். ஜெபஸ்டின் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று செல்போன் கேமராவில் தன் தலையைப் பார்த்தான்.

“டேய், எனக்கு ஒரு பேரு கிடைச்சிருக்குடா. திட்டாத பேரு.”

பிறகு கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் தொழிலை ஆரம்பித்தபோது, வேனின் பக்கவாட்டில் ‘ஹர்கோத் ஆடியோஸ்’ என்று எழுதினான். என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஜெர்மன் கம்பெனியின் பெயர் என்று புளுகினான்.

ஒவ்வொரு தலையையும் பத்ரி எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்து வைத்திருந்தான். பிற்பாடு, யாருக்கும் சொந்தமில்லாத மொழியைத் தேடிக்கொண்டு ஒரு கம்பெனி வந்தது. உலகத்தில் எங்கெங்கோ ஸெக்காரி ரசிகர்கள் இருந்தார்கள். இந்த ஊர்த் தலைகளுக்குச் சொல்லும் படமும் சேர்த்து வைத்திருந்தவர்கள் திருச்சிக்காரர்கள் மட்டும்தான். அவை அப்படியே அடையாள இயந்திரத்துக்குள் போயின.

விதிப்படி உரைப்பாளர் அடையாளம் காட்டப்பட்டவரைச் சந்திக்கக் கூடாது. நிலோஃபர் நிலையத்திலிருந்து நேராக ஸ்கூட்டரை மேலப்புதூருக்கு ஓட்டினாள்.

ஜெபஸ்டின் வாசலில் உட்கார்ந்து ஒரு மைக்கின் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே, “மறுபடியுமா?” என்றான்.

“மறுபடியும்.”

“இந்தத் தடவை என்ன, செயினா பைக்கா?”

“ஆள் செத்துட்டாரு, ஜெபா.”

அவன் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தான். “எப்போ?”

“செவ்வாக்கிழமை மத்தியானம். பாலக்கரையில.”

“மத்தியானமா?” அவன் சிரிக்கப் பார்த்தான். “தூங்கிட்டிருந்தேன். முந்தின நாள் ஸ்ரீரங்கத்துல ரிசப்ஷன். எப்பவும் கல்யாண வீடியோவுல மிக்சர் பின்னாடி நான் நிக்கறது தெரியும், அதைக் காட்டிட்டு வந்துடுவேன். தூங்கறதை எவன் வீடியோ எடுப்பான்?”

அவன் மனைவி ஸ்டெல்லா உள்ளேயிருந்து வந்தாள். “நான் பாத்தேன். கரண்ட் போய் வந்தப்ப நான்தானே ஃபேனைப் போட்டுவிட்டேன்.”

“பொண்டாட்டி சொல்றது செல்லாதும்மா.”

ஸ்டெல்லா நிலோஃபர் பக்கம் திரும்பினாள். “அக்கா, வேற சொல்லைச் சொல்லியிருக்கலாம்ல நீங்க?”

“வேற சொல்லைச் சொன்னா வேற ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க, ஸ்டெல்லா.”

“நிக்கட்டுமே. ஒரு தடவையாச்சும் வேற வாசல்ல நிக்கட்டுமே.”

ஜீப் சத்தம் கேட்டது. ஜெபஸ்டின் எழுந்து உள்ளே போய், நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தான். தணிகைவேல் நிலோஃபரைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

“வாங்க ஜெபஸ்டின். பழகின வண்டிதானே.”

“முன் சீட்டா, பின் சீட்டா சார்?”

“இந்தத் தடவை பின்னாடிதான்” என்றார் தணிகைவேல். அவருக்கே அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பத்ரி இப்போது ஸெக்காரிச் சொல் மன்றத்தின் தலைவன். முன்பு மொட்டைமாடி இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம் வந்திருந்தது. அவன் நல்லவன்தான். நிலோஃபர் சொன்னதைக் கேட்டதும் ஹர்கோத்தின் பதிவைத் திரையில் எடுத்தான்.

“மத்த சொல்லுக்கெல்லாம் முகம் குவிஞ்சு கிடக்கு. இதுக்கு மட்டும் ஏன் பத்ரி இன்னும் ஒரே ஒரு முகம்?”

“புது முகம் சேரணும்னா மெஷினுக்குச் சந்தேகம் வரணும். இவனும் ஹர்கோத்தா இருப்பானோன்னு. ஆனா எந்தச் சாட்சி வந்தாலும் ஜெபா படம் முதல்ல வருது. பக்கத்துல இருக்கறவன் எவனுக்கும் அந்த முடி கிடையாது. சாட்சி தலையை ஆட்டிடறாங்க. ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் அதுக்கு உறுதி கூடுது. இப்ப அதைப் பொறுத்தவரைக்கும் ஹர்கோத்ங்கறது முடியே இல்ல. ஜெபஸ்டின்.”

“அப்ப அந்த மாதிரி முடி இருக்கற மத்தவங்க?”

“அடையாள அட்டை எடுக்கப் போவாங்க இல்லியா, அப்ப மெஷின் பாக்கும். ஜெபா இல்லை, அதனால ஹர்கோத் இல்லை. வேற எந்தச் சொல்லுலயும் அடங்க மாட்டாங்க. லும்னு போட்டு அனுப்பிடும். லும்னு எந்தச் சாட்சியும் சொல்ல முடியாது. அதனால அவங்க யாருமே எந்தத் திரையிலயும் வர மாட்டாங்க.” பத்ரி ஏதோ அபூர்வமான நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்: “லட்சக்கணக்குல இருப்பாங்க நிலோ. யார் கண்ணுக்கும் தெரியாம.”

“சரி, திருத்து.”

“நான் தொட முடியாது. எத்தனை வழக்கு இதை நம்பி நிக்குது. ஆனா அவன் தொடலாம்.” பத்ரியின் முகத்தில் பழைய ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு ஒன்று வந்து போனது. “நம்ம விதிதான். கம்பெனிக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போய் அப்படியே சட்டத்துல ஏத்திட்டாங்க. சொல்லுக்கு உரியவன் ஸ்டூல்ல உக்காந்து, இது என் தலை இல்லைன்னு சொன்னாப் போதும். சொல் போயிடும். அதை வச்சு எடுத்த அடையாளம் எதுவும் செல்லாது. ஜெபா அன்னிக்கே வெளிய வந்துடுவான்.”

“மத்தவங்க?”

“லும்ல இருக்கற எல்லாரையும் மெஷின் பக்கத்துச் சொல்லுக்குப் பிரிச்சுவிடும். எல்லாரும் திரைக்கு வருவாங்க, எல்லா ஜனங்களையும் போல. அதுதானே நியாயம்?”

அதுதான் நியாயம் என்று நிலோஃபரும் நினைத்தாள். அங்கிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தாள். ஸ்டெல்லா அழுதாள், சிரித்தாள், வெளியே வந்ததும் அந்த வேனுக்கு முதலில் வேறு பெயர் எழுத வேண்டும் என்றாள்.

ஜெபஸ்டினை அழைத்து வருவதாகச் சொன்ன அன்று நிலோஃபர் மன்றத்தின் மாடிப்படியில் ஏறியபோது, வராந்தா முழுக்க ஆட்கள் நின்றார்கள். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். கெட்டிச் சுருட்டை, ஏறிய நெற்றி, கழுத்துவரை இறங்கிய முடி. நரைத்தது, இளையது, வியர்வையில் நனைந்தது. எத்தனையோ வருடங்களாகத் தினமும் முகங்களைப் பார்ப்பதே அவள் வேலை. இந்தத் தலைகளில் ஒன்றைக்கூட அவள் திரையில் பார்த்ததில்லை.

அவர்களுக்கு முன்னால் நின்றவன் அந்தோணி, ஜெபஸ்டினின் தம்பி. காந்தி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவன். அவனுக்கு எதிரே ஸ்டெல்லா நின்றாள்.

“உனக்கு வெக்கமா இல்லியாடா?”

“அண்ணி, நான் அண்ணனுக்கு எதிரா வரல.”

“அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே? மாலை போடவா?”

கீழே ஜீப் வந்து நின்றது. தணிகைவேல் ஜெபஸ்டினை அழைத்துக்கொண்டு மேலே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தடியைக் கையில் மாற்றிக்கொண்டார். ஆனால் யாரும் நகரவில்லை, சத்தம் போடவுமில்லை.

“அண்ணே” என்றான் அந்தோணி. “வக்கீல் சொன்னாரு. நீ அந்தச் சொல்லை விட்டுட்டா, அடுத்து மெஷின் எங்களைத்தான் காட்டுமாம்.”

“காட்டட்டும். நீ அடிச்சியா?”

“இல்ல.”

“அப்புறம் என்னடா பயம்?”

“நீயும்தான் அடிக்கல.”

ஜெபஸ்டின் அவன் அருகே போய் நின்றான்.

“அன்னிக்கு மத்தியானம் அந்தத் தெருவுலதான்ணே லோடு இறக்கிட்டிருந்தேன்” என்று அந்தோணி தரையைப் பார்த்துச் சொன்னான். “அரிசிக்கடை கேமராவுல இருக்கேன். லும்ங்கறதால என்னை யாரும் கேக்கல. நீ விட்ட மறுநாளே வந்துருவாங்க.”

பின்னாலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். “தம்பி, இந்த மெஷின் வந்ததுலேருந்து, நீ வளந்த நம்ம தெருவுக்குள்ள ஒரு போலீஸ் ஜீப் வந்ததில்ல. அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியும். எங்கயாவது எதாவது காணாமப் போச்சுன்னா பசங்களை வரிசையா உக்கார வைப்பாங்க. நீயும் உக்காந்திருக்கே.”

“உக்காந்திருக்கேன்” என்றான் ஜெபஸ்டின்.

“அதுக்கு இவரு உள்ள போகணுமா?” ஸ்டெல்லா பெரியவர் பக்கம் திரும்பினாள். “உங்க எல்லாருக்கும் சேத்து இவரு ஒருத்தரா?”

பெரியவர் ஜெபஸ்டினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மற்றவர்களும் கும்பிட்டார்கள். ஜெபஸ்டின் பதிலுக்குக் கும்பிடப் போய், கையில் விலங்கு இருந்ததால் பாதியில் விட்டான்.

உள்ளே பத்ரியும் நிலோஃபரும் மன்றத்து அதிகாரி ஒருவரும் சாட்சிகளாக நின்றார்கள். ஸ்டெல்லா கதவோரம் நின்றாள். நடுவில் ஸ்டூல். ஜெபஸ்டின் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

“இது அந்தப் பழைய ஸ்டூலா பத்ரி?”

“இல்லடா. அது எப்பவோ உடைஞ்சுபோச்சு.”

பத்ரி ஸெக்காரியில் கேள்வியைக் கேட்டான். இந்தத் தலை யாருடையது? பிறகு தமிழில் மெதுவாக, “சொல்லுடா, ஒரே வரிதான்” என்றான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலைகளும் தெரிந்தன. அந்தோணி மட்டும் இவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். ஜெபஸ்டின் அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் தளர்ந்தது, வேலை முடிந்து ஒயரைச் சுருட்டுகிறவனைப் போல.

பிறகு அவன் அடித்தொண்டையிலிருந்து, ஒலி பிசகாமல், ஸெக்காரியில் சொன்னான்.

“இது என் தலை.”

“ஜெபா, தப்பாச் சொல்லிட்டே” என்றாள் நிலோஃபர். “மறுபடி சொல்லு. ஒரு தடவை தப்பாச் சொன்னா பரவாயில்ல, மறுபடி சொல்லலாம். இல்ல பத்ரி?”

“சரியாத்தான் சொன்னேன் நிலோ. நம்ம கூட்டத்துலயே நான்தானே ஒழுங்காப் பேசுவேன்.”

ஸ்டெல்லாவுக்கு ஸெக்காரி தெரியாது. எல்லோருடைய முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவள் புருஷனைத் திட்டவில்லை. நிலோஃபரின் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கள்லாம் விளையாடறதுக்கு ஒரு பாஷை வேணும்னு, அதுக்கா அவரு தலையைக் குடுத்தாரு?”

ஜெபஸ்டினுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஸ்டெல்லா வேனை விற்றுவிட்டுத் தன் அம்மாவிடம் மணப்பாறைக்குப் போய்விட்டாள்.

நிலோஃபர் வேலையை விடவில்லை. ராஜினாமாக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தாள். அவள் போனால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அதே சொல்லைச் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம். செயின் பறிப்பு, கடை உடைப்பு என்று சாட்சிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவ்வப்போது யாராவது எண்ணெய்க்குப் படியாத சுருட்டையைச் சொன்னார்கள். அவள் ஹர்கோத் என்றாள். ஜெபஸ்டின் திரையில் வந்தான். சாட்சிகள் தலையாட்டினார்கள்.

“சார், அவரு ஜெயில்ல இருக்காரு. அவரு எப்படி நேத்து தென்னூர்ல செயினை அறுத்திருக்க முடியும்?” என்று கேட்டாள் நிலோஃபர்.

“அடையாளம் உறுதி, ஆள் ஏற்கெனவே காவலில்” என்று தணிகைவேல் தட்டச்சு செய்துகொண்டே சொன்னார். “அப்படிப் போட்டா ஃபைல் மூடிக்கும். எப்படி முடியும்னு கோர்ட்டுதான் கேக்கணும். மூடின ஃபைல் கோர்ட்டுக்கே போகாது. எங்க ஸ்டேஷன் இந்த வருஷம் மாவட்டத்துலயே முதலிடம் மேடம், தெரியுமா?”

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் திருடர்களாகத்தான் இருக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் புரிந்தது. தலைமுடியைக் கெட்டியாகச் சுருட்டிக்கொண்டு, நெற்றியோரம் கொஞ்சம் சிரைத்துக்கொண்டு போய் அட்டையைப் புதுப்பித்தால் லும் என்று போட்டுக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் எந்தக் கேமராவுக்கும் எந்தச் சாட்சிக்கும் நீங்கள் இல்லை. தில்லைநகர் சலூன்களில் வரிசை நின்றது. பேப்பரில் வந்த ஜெபஸ்டினின் படத்தில் பின்னால் வேன் தெரிந்ததால் அதற்கு ‘ஆடியோ கட்டிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லூரி மாணவர்கள் வைத்துக்கொண்டார்கள். வங்கி மேனேஜர்கள் வைத்துக்கொண்டார்கள். லீவு முடிந்து வந்த தணிகைவேல் தொப்பியைக் கழற்றியபோது நிலோஃபர் பார்த்தாள்.

“வீட்ல ஆசைப்பட்டாங்க” என்றார் அவர்.

சிறையில் பார்வையாளர் அறையில் நடுவே கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் ரிசீவர். ஜெபஸ்டின் இளைத்திருந்தான். சிறைக் கூட்டங்களுக்கு மைக் செட் போடும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

“ஸ்பீக்கர் எல்லாம் ஒரே இரைச்சல். எவன் வாங்கினானோ” என்றான். “வெளிய என்ன விசேஷம்?”

நிலோஃபர் சொல்லலாமா என்று யோசித்தாள். “ஊரே உன் முடியை வச்சுக்கிட்டு அலையுது.”

“சும்மா சொல்லாத.”

“நிஜமாடா. அரை நாள் சலூன்ல உக்காந்து சுருட்டிக்கறாங்க. தணிகைவேல்கூட.”

“தணிகைவேல் சாரா?” அவன் சிரித்தான். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மேசையில் குப்புறக் கவிழ்ந்து சிரித்தான். வார்டன் தட்டிய பிறகுதான் நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அந்தோணி எப்படி இருக்கான்? ஒரு தடவைகூட வந்து பாக்கல அந்தப் பய. கூச்சப்படறான் போல.”

“இருக்கான்.”

“என்ன இழுக்கறே?”

“அவன் முடியை நேராக்கிட்டான், ஜெபா.”

“என்னது?”

“பார்லருக்குப் போய் நேராக்கிட்டான். காலையில எந்திரிச்சுக் கண்ணாடியைப் பாக்க முடியலியாம். நீ வந்து நிக்கற மாதிரியே இருக்காம்.”

ஜெபஸ்டின் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். “அட்டை?” என்றான். “அட்டையை மாத்தலியே?”

“மாத்திட்டான். போன வாரம். இப்ப அவனுக்கு ஒரு சொல் இருக்கு.”

அவன் எழுந்து நின்றான். முகம் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு வந்தான்.

“முட்டாப் பய. அவன் அந்தத் தெருக் கேமராவுல இருக்கான் நிலோ, இப்ப மெஷினுக்கும் அவன் மூஞ்சி தெரியும். யாராவது ஒருத்தன் எடுத்துப் பாத்தாப் போதும். எனக்காக ஒண்ணும் கிழிக்க வேணாம்னு சொல்லு. போய்ச் சுருட்டிக்கச் சொல்லு. இன்னிக்கே போய்ச் சுருட்டிக்கச் சொல்லு.”

மணி அடித்தது. ரிசீவரில் இணைப்பு அறுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. வார்டன் தோளைத் தொட்டு இழுத்தபோதும் அவன் திரும்பித் திரும்பி அதையேதான் சொல்லிக்கொண்டு போனான்.